ஜூலியட்டின் 13 வயது அந்தக் காலத்து வழக்கமா?

“ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ஜூலியட்டுக்கு 13 வயதுதான். அப்போதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் அந்த வயதில்தான் கல்யாணம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. 14 முடிய அவளுக்கு இரண்டு வாரச் சொச்சம் பாக்கி. இரண்டாம் பாதிதான் தப்பு.

12 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்துச் சட்டம் இடம் தந்தது உண்மை. ஆனால் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். பிரபுக்கள் வீட்டில் கொஞ்சம் முன்னதாக நடக்கும். அங்கேயும் 13 அபூர்வம்.

நாடகத்தையே பாருங்களேன். பெண் கேட்டு வரும் பாரிஸிடம், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்கிறார் அப்பா கப்யூலெட். இவளைவிடச் சின்னவர்கள் தாயாகிவிட்டார்களே என்று பாரிஸ் சொல்ல, அப்படி ஆனவர்கள் சீக்கிரமே சீர்கெட்டும் போகிறார்கள் என்று பதில் வருகிறது. (மறுநாளே அந்த அப்பா மனம் மாறி அவசரமாகக் கல்யாண நாள் குறிப்பது வேறு கதை.)

உண்மையில் வயதைக் குறைத்ததே ஷேக்ஸ்பியர்தான். அவருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் 1562 கவிதையில் அவளுக்கு 16. அந்தக் கவிதையின் முன்னுரை, பெற்றோர் சொல் கேளாத காதலர்கள் என்று இருவரையும் வைகிறது. நாடகத்திலோ பழி பெரியவர்களின் பகை மேல் விழுகிறது. 1748-ல் ஆங்கில நடிகர் டேவிட் கேரிக் இதை மேடையேற்றியபோது ஜூலியட்டை 18 ஆக்கினார். பிறகு ரோமியோவின் முதல் காதலி ரோசலினையும் வெட்டிவிட்டார். ஒருத்தியை மறந்து இன்னொருத்தியிடம் தாவும் நாயகனை அன்றைய ரசனை ஏற்கவில்லை.