அந்த 99% எதற்கான துல்லியம்?

"கையில் 21 புள்ளிகளைக் கணிக்கும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள் போதும், அமெரிக்கச் சைகை மொழி 99% துல்லியமாக ஆங்கிலமாகிவிடும், ஆஸ்பத்திரியில் இனி மொழிபெயர்ப்பாளரே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு.

இப்படி வரும் 99% பெரும்பாலும் தனித்தனி எழுத்துகளையோ சில பத்துச் சொற்களையோ அடையாளம் காண்பதற்கான மதிப்பெண். அதிலும் ஒரே ஆளின் வீடியோவில் உள்ள தனித்தனிப் படங்களை (ஃபிரேம்களை) கலைத்துப்போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரித்தால், ஏறக்குறைய ஒரே மாதிரிப் படங்கள் இரண்டிலும் வருவதால் எண் எகிறத்தான் செய்யும். புதிய ஆளை வைத்துச் சோதித்தால் சரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சைகை மொழியின் இலக்கணம் கையில் மட்டும் இல்லை. கைச்சைகை மாறாமலே, புருவம் உயர்ந்தால் அதே வாக்கியம் கேள்வி. தலை இடவலமாக அசைந்தால் மறுப்பு. "வலி இருக்கிறது", "வலி இருக்கிறதா?", "வலி இல்லை" மூன்றும் கைப்புள்ளிகளை மட்டும் பார்க்கும் மாடலுக்கு ஒன்றாகவே தெரியலாம். டாக்டரிடம் எது போய்ச் சேரும்?

மீடியாபைப்பிலேயே முகத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள் தரும் மாடல் உண்டு, அதையும் சேருங்கள். பயிற்சியில் இல்லாத ஆட்களின் தொடர் வாக்கியங்களைக் கொடுத்து, காது கேளாதவர்களையே மதிப்பிடச் சொல்லுங்கள். அதற்கு முன் மொழிபெயர்ப்பாளரை விலக்கச் சொல்வது நோயாளிக்கு ஆபத்து.