தலைமை தாங்க ஒரு பெரியம்மா போதும்

சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் 'தலைமை' என்று அச்சிடும் இடத்துக்கு அரசியல் பிரமுகரைத் தேடி அலையாதீர்கள். உங்களைத் தூக்கி வளர்த்த சித்தி, பாடம் சொல்லித்தந்த ஆசிரியர், கூடப் படித்த தோழி என்று உங்களை அறிந்த ஒருவர் நடத்திவைக்கட்டும்.

புரோகிதர் வேண்டாம் என்று துணிந்த குடும்பங்கள்கூட, கட்சிப் பொறுப்பாளரிடம் தேதி கேட்டுப் போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் வேறு ஊரில் இன்னொரு திருமணத்தை முடித்துவிட்டு வரும்வரை மணமக்கள் மாலையும் கழுத்துமாகக் காத்திருக்கிறார்கள். வந்தபின் அவர் பேசுவதெல்லாம் கூட்டணியைப் பற்றி. மணப்பெண்ணின் பெயரையே சீட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

"சொந்தக்காரர் நடத்திவைத்தால் சட்டப்படி செல்லுமா?" என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செல்லும். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்றது. அண்ணாவின் ஆட்சியில், 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றுவது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது, இவற்றில் ஒன்றைச் செய்தாலும் போதும். தலைமைக்கென்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றுகூட அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது.

என் தங்கை முறையுள்ள பெண்ணின் திருமணத்தை எங்கள் பெரியம்மா நடத்திவைத்தார். கணவரை இழந்தபின் எந்த வீட்டுக் கல்யாணத்திலும் மேடைப் பக்கம் வராமல் பந்தி வேலையோடு ஒதுங்கிவிடுபவர் அவர். "நான் தாலியைத் தொடலாமாடி?" என்று கேட்டவரை, "நீங்கள் தொட்டுக் கொடுத்தால்தான் கட்டிக்கொள்வேன் பெரியம்மா" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். நோட்டுத் தாளில் எழுதிய உறுதிமொழியைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிவரியாகப் படித்தார். மணமக்கள் திருப்பிச் சொன்னார்கள். 'வரவு செலவை இருவரும் சேர்ந்தே பார்ப்போம்' என்பது அவராகச் சேர்த்த வரி. கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் அவருடைய தலையசைப்பைத்தான் எதிர்பார்த்து நின்றார். முன்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். தாலியைத் தொடக்கூடாது என்று ஒரு பெண்ணை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை ஆயிரம் மேடைப் பேச்சைவிட அந்தக் காலை நேரம் அழுத்தமாக எதிர்த்தது. எந்தத் தலைவர் வந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

நடத்திவைப்பவரிடம் உறுதிமொழியை முன்கூட்டியே கொடுத்து, வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாழ்த்துரைகளைத் தாலி கட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வேறு வேறு மதத்தவர் என்றால் 7-அ பொருந்தாது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அழைப்பிதழில் ஒரு பிரதியைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.