பிரைன்டான்ஸ் பிறந்தது வீடியோ கேமில் அல்ல

புலன் அனுபவத்தையும் உணர்ச்சியையும் பதிவுசெய்து அடுத்தவருக்கு ஓட்டிக்காட்டும் பிரைன்டான்ஸ் என்பது சைபர்பங்க் 2077 வீடியோ கேமின் யோசனை, ஷேடோரன் என்ற டேபிள்டாப் விளையாட்டு (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடுவது) அதைக் காப்பியடித்தது என்கிறீர்கள். வரிசையே தலைகீழ். அந்த வீடியோ கேம் வந்தது 2020-ல். ஷேடோரனோ 1989-லேயே சிம்சென்ஸோடு (அதே யோசனைக்கு அதில் உள்ள பெயர்) வந்துவிட்டது. மைக் பாண்ட்ஸ்மித்தின் டேபிள்டாப் விளையாட்டான சைபர்பங்க் 2020-லும் (பெயர்தான் அப்படி, வெளியானது 1990) பிரைன்டான்ஸ் உண்டு. வீடியோ கேம் எடுத்துக்கொண்டது அந்த உலகத்திலிருந்துதான்.

அப்புறம், "சிம்சென்ஸ் என்றாலே போதை" என்பதும் சரியில்லை. ஷேடோரனில் சாதாரண சிம்சென்ஸ் சட்டபூர்வமான பொழுதுபோக்கு, சினிமா மாதிரி. சிக்னல் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதற்கு அதில் ஒரு கட்டுப்பாடு இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டை மீறி ஓடும் பிடிஎல் (Better Than Life, "வாழ்க்கையைவிட மேல்") என்ற கள்ளச்சந்தை சிப்புகள்தான் ஆளை அடிமையாக்கும், மூளையையும் கெடுக்கும். கேம் நடத்துபவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கள்ளச்சந்தைக் கதைகளுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.