வழிகாட்டிக் கருவிக்கு சிம் கட்டாயமில்லை

காரில் பொருத்தும் கையடக்க ஜிபிஎஸ் கருவி கைபேசி சிக்னல் இல்லாத சாலையில் வேலை செய்யாது என்றும், எனவே சிம் வசதி உள்ளதையே வாங்க வேண்டும் என்றும் மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்துடன் சொல்லியிருந்தாலும் இது சரியல்ல.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளைக் கருவி பெறுகிறதே தவிர, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலைகள் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, தான் இருக்கும் இடத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. வரைபடமும் இத்தகைய கருவிகளில் பொதுவாக நினைவகத்திலேயே இருக்கும். அப்போதைய நெரிசல் நிலவரம், வரைபடப் புதுப்பிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளித்தொடர்பு வேண்டும்.

இதை எவரும் சோதிக்கலாம். சிம் இருந்தால் கழற்றி, வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்து, வானம் மறைக்கப்படாத திறந்தவெளியில் கருவியை வைத்துவிட்டு, நினைவகத்தில் வரைபடம் உள்ள ஓர் ஊருக்கு வழி கேட்டுப் பாருங்கள். நெடுநாள் அணைந்திருந்த கருவி செயற்கைக்கோள் தரவுகளைப் புதிதாகப் பெறச் சில நிமிடங்கள் எடுக்கலாம். அந்தத் தாமதத்தையே இணையக் குறைபாடாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன், ஆகவே சற்றுப் பொறுத்திருந்து பாருங்கள்.