255 யார் வைத்த அளவு?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஆபீஸ் பஸ் கிளம்ப இருபது நிமிடம்தான் இருக்கிறது. 'முகவரி சேவ் ஆகவில்லை' என்று ஒரு புகார் டிக்கெட் வந்து விழுந்தது.

அல்சூரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் முகவரியைத் தமிழில் அடித்திருக்கிறார். பெங்களூர் முகவரிதான் தெரியுமே! எத்தனையாவது கிராஸ், எத்தனையாவது மெயின், எந்த மாடி, அப்புறம் திருவள்ளுவர் சிலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பணும் என்பது வரை போகும். மொத்தம் 114 கேரக்டர். திரையில் 255 வரை அனுமதி, ஜாவாவில் எழுதிய எங்கள் புரோகிராம் வாயே திறக்கவில்லை. டேட்டாபேஸான ஆரக்கிள் மட்டும் ஓஆர்ஏ-12899 என்ற எரரோடு கையை விரித்தது: வந்தது 314, உச்சம் 255.

'அல்சூர்' என்று எழுதிப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு ஏழு, ஏனென்றால் புள்ளியும் ஊகாரக் குறியும் தனித்தனிக் கணக்கு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. ஆங்கிலத்தில் எழுதினால் ஆறே பைட். ஆரக்கிளில் எழுத்துக்கான ஃபீல்டை வார்ச்சார்2(255) என்று மொட்டையாக எழுதினால், செட்டிங்கை யாரும் மாற்றாதவரை அது 255 பைட். தமிழுக்கு 85 குறிதான் கொள்ளும்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ அண்ணாச்சியிடம் போனேன். "உங்க எக்செல்ல 255னு இருந்துச்சு தம்பி, போட்டேன்" என்றார். ஃபீல்டுகளின் நீளப் பட்டியல் அது. அதில் போட்டது யார்? நான்தான். டேபிளுக்கு இணையான ஜாவா என்டிட்டி கிளாஸில் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், என்று மட்டும் எழுதியிருந்தேன். நீளம் சொல்லாவிட்டால், ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேபிஏ 255 என்று வைத்துக்கொள்ளும், 2006ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அப்படித்தான். அதைப் பார்த்து நிரப்பினேன். மூன்று பேர் கை மாறி வந்த எண், ஒருத்தரும் யோசித்து வைத்ததில்லை. எனக்குக் கோபம் இதில்தான்.

255 என்பது ஒரு பைட்டில் அடங்கும் பெரிய எண், அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் 5.0.3 பதிப்புக்கு முன்னால் வார்ச்சார் அதற்கு மேல் போகாது. வரம்பு போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, எண் மட்டும் போகவில்லை. பிறகு ஒரு எழுத்துக்கு நான்கு பைட் என்று வந்தபோது 255 பெருகி 1020 ஆனது, மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில், தேடலுக்கான இன்டெக்ஸுக்குப் பழைய வரம்பான 767 பைட்டில் அடங்கவில்லை. உடனே பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்லில் எழுதுகிறவர்கள் எல்லாரும் 191 என்று எழுத ஆரம்பித்தார்கள். ஏன் 191 என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. நான்கால் பெருக்கினால் 764, 767க்குள் அடங்கும், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். நீளம் சொல்லு, இல்லாவிட்டால் நகரமாட்டேன் என்று நிற்கும். 4.2 பதிப்பில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது. அது நியாயம்தான், அங்கே நீளமே சொல்லாத டெக்ஸ்டுக்கும் வார்ச்சாருக்கும் வேகத்தில் வித்தியாசமில்லை.

எழுத்தாவது பரவாயில்லை, எரர் கொடுத்துக் காட்டிக்கொடுக்கிறது. எண் கள்ளத்தனமாகப் போகும். சிக்பேட்டில் ஒரு நகைக்கடைக்கு நண்பன் பில்லிங் எழுதினான். எடைக்கு ஜாவாவின் தசம எண் வகையான பிக்டெசிமல், வேறொன்றும் சொல்லவில்லை. ஜேபிஏ வேலையைச் செய்யும் ஹைபர்னேட் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் வைத்தது. 8.375 கிராம் தோடு மைஎஸ்கியூஎல்லுக்குள் 8.38 ஆகப் போய் உட்கார்ந்தது. ஒரு எரரும் இல்லை. தங்கம் விற்கிற விலைக்கு ஐந்து மில்லிகிராம்! பழைய தராசுக்காரர் ஒருவர் கையால் கூட்டிப் பார்த்துத்தான் பிடித்தார்.

எங்கள் முகவரியை அன்று ராத்திரியே வார்ச்சார்2(500 சார்) என்று, அதாவது பைட் இல்லாமல் கேரக்டர் கணக்கில், மாற்றினோம். "கடைசியில ஒரு சார் போட்டாத்தான் ஆரக்கிள் மதிக்கும்" என்றார் அண்ணாச்சி. பஸ் போய்விட்டது. சில்க் போர்டு நெரிசலில் ஆட்டோவில் உட்கார்ந்தபடி அந்த எக்செல்லைத் திறந்து எண்ணினேன். 62 ஃபீல்டில் 255. அதில் ஒன்று பின்கோடு.