மிச்சம்

“டபுள் போர்வை ஒன்று தைக்க வேண்டும் அண்ணே. இந்தாங்க துணி.”

“எத்தனை மீட்டர் அம்மா?”

“சுங்குடிப் புடவை. பாதி கிழிந்துவிட்டது. நல்ல பாகம் இரண்டரை மீட்டர் தேறும்.”

“தாராளம். மடித்து அடித்தால் இரண்டு மடிப்பாக அருமையாக வரும். யாருக்கு, பேரனுக்கா?”

“எனக்கும் அவருக்கும்! டபுள் என்றால் டபுள் காட்.”

“சரி, உங்கள் வீட்டுக்காரர் போர்த்திக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்.”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கள். மிச்சத் துணியில் இரண்டு தலையணை உறை.”

“மிச்சமா!”

(ஜிப் போன பேன்ட்டோடு நான் அரை மணி நேரமாக நிற்கிறேன். அதற்குள் இரண்டு பேர் இதே ‘மிச்சத்தை’ கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.)

“மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன் அம்மா. முழக் கணக்கில் துணியைக் கொடுத்துவிட்டு மீட்டர் கணக்கில் திருப்பிக் கேட்கிறீர்கள். வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி இருக்கிறதா?”

“அவருடையது ஒன்று இருக்கிறது.”

“கொண்டுவாருங்கள். உங்கள் சுங்குடியில் 8 அங்குலச் சதுரம் அகலத்தில் 5, நீளத்தில் 12, மொத்தம் 60 வரும். வேட்டியில் இன்னொரு 60. சதுரங்க அட்டை மாதிரி மாற்றி மாற்றி வைத்தால், தையலுக்குப் போக 70க்கு 84 அங்குலம். ஒவ்வொரு சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் பொங்கல் வந்துவிடும். அதனால் நீளப் பட்டைகளாக வெட்டி, மாற்றி மாற்றிச் சேர்த்து அடித்து, அப்புறம் குறுக்கே வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு இணைப்பேன். பாதி வேலை மிச்சம்.”

“அப்போது கூலியிலும் பாதி மிச்சம்தானே?”

“...அடிப்பக்கத்துக்கு ஒரு முழுப் புடவை, நடுவில் பழைய கம்பளி. அதுவும் உங்கள் பொறுப்பு.”

“ஓரம் தரை வரை தொங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்க்கிறார்கள்.”

“கட்டில் 60 அங்குல அகலம். இரண்டு பக்கமும் ஐந்தைந்து அங்குலம்தான் தொங்கும். நீங்கள் கேட்பது போர்வை இல்லை, நாடகத் திரை. ஆமாம், மதுரை வெயிலில் போர்வை எதற்கு?”

“ஏசி போட்டிருக்கிறோம், குளிர்கிறது.”

“அணைத்துவிட்டால் கரண்ட் பில்லும் மிச்சம்.”

“கூலி எவ்வளவு, அதைச் சொல்லுங்கள்.”

“எழுநூறு.”

“எழுநூறா! கையா காலரா, நேராக அடிக்கிறதுதானே!”

“போன மாதம் விரிப்பு வாங்கியதைக் காட்டினீர்களே, அது எவ்வளவு?”

“இரண்டாயிரத்து நானூறு. ஆஃபரில்.”

“அதுவும் நேராக அடித்ததுதான். அங்கே ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டீர்களா? அதைத் தைத்தவன் கைக்கு எவ்வளவு போனது என்றாவது கேட்டீர்களா?”

“அங்கே யாரிடம் கேட்பது? தைத்தவன் எந்த ஊரோ.”

“நீங்கள் பேரம் பேசுவதற்கென்றே நான் மதுரையில் பிறந்திருக்கிறேன்.”

(அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. இறங்கி வந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.)

“அண்ணே, புடவை அகலம் 45 அங்குலம். ஐயெட்டு நாற்பது. அந்த 5 அங்குலம் எங்கே போகிறது?”

“அதைத்தான் பட்டையாக வெட்டிச் சுற்றிலும் ஓரம் கட்டப் போகிறேன் அம்மா.”

“அதிலும் மிச்சம் இருந்தால்?”

“பத்திரமாகக் கொடுத்துவிடுகிறேன். வேட்டியைத்தான் வெட்டப் போகிறோமே, உங்கள் வீட்டுக்காரருக்குக் கோவணத்துக்கு ஆகும்.”