விளம்பரத்தை ஓட்டிவிடுவது திருட்டா?

எட்டரை மணி சீரியலை என் அம்மா எட்டரை மணிக்குப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவர் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். செட்டாப் பாக்ஸில் செருகிய பென்டிரைவில் ரெக்கார்டு போட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து, காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பார். இடைவேளை வந்ததும் ரிமோட்டில் நான்கு அமுக்கு. படம் பறக்கும். மருமகள் கதவைத் திறக்கிற இடத்தில் கச்சிதமாக நிறுத்துவார். எப்படிம்மா என்று கேட்டால், "மூலையில சேனல் லோகோ திரும்ப வரும்ல, அதுமேலயே கண்ணு வெச்சிருப்பேன்" என்பார். விளம்பரத்தைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் மென்பொருள்களும் இதைத்தான் செய்கின்றன: லோகோ மறைகிறதா, நடுவில் திரை ஒரு நொடி கறுப்பாகிறதா என்று பார்க்கின்றன. அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைத் திருட்டு என்று சொன்ன பெரிய மனிதர் ஒருவர் உண்டு. ஜேமி கெல்னர், அமெரிக்காவின் டர்னர் தொலைக்காட்சி நிறுவனத் தலைவராக இருந்தவர். 2002-இல் ஒரு பேட்டியில் சொன்னார்: நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்கள் என்றால் விளம்பரத்தையும் பார்ப்பதாக உங்களுக்கும் சேனலுக்கும் ஒப்பந்தம். சரி, நடுவில் பாத்ரூம் போனால்? அதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றார். என்ன ஒரு தாராள மனசு.

இந்த ஒப்பந்தத்தில் நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்? நம் ஊரில் கட்டணச் சேனலுக்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறோம். விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் வரலாம், அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். அதைக் கறாராக அமல்படுத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-இல் கிளம்பியபோது சேனல்காரர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டாமா?

இன்னொன்று. எல்லாவற்றையும் ஓட்டிவிடும் அம்மா, ஆடி மாதத்தில் பட்டுப்புடவை விளம்பரம் வந்தால் பின்னால் போய்த் திரும்பப் பார்ப்பார். பார்டரை நன்றாகக் காட்டும் வரை விடமாட்டார். பார்க்கத் தகுந்ததை யாரும் ஓட்டுவதில்லை.

நீதிமன்றங்கள் பெரும்பாலும் அம்மா பக்கம்தான் இருந்திருக்கின்றன. சோனியின் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ கேசட் டெக்குக்கு எதிராக ஹாலிவுட் கம்பெனிகள் போட்ட வழக்கில், வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது தவறில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. ஐந்துக்கு நான்கு, மயிரிழைதான். விளம்பரம் பற்றியும் அந்த வழக்கில் பேச்சு வந்தது. டெக் வைத்திருந்தவர்களில் 25 சதவீதம் பேர்தான் விளம்பரத்தை ஓட்டினார்களாம். எங்கே முடிகிறது என்று ஊகித்து நிறுத்துவது அலுப்பான வேலை என்று கீழ் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டு டெக்கில் அப்பா செய்ததைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பதியும்போது விரலை பாஸ் பட்டனிலேயே வைத்து உட்கார்ந்திருப்பார், விளம்பரம் கேசட்டுக்குள்ளேயே போகாது. சில சமயம் தூங்கிவிடுவார், அந்தக் கேசட்டில் மட்டும் சோப்பு, சீயக்காய் எல்லாம் இருக்கும்.

அப்புறம் 2001-இல் ரீப்ளே டிவி 4000 என்ற டிஜிட்டல் ரெக்கார்டர் வந்தது. பட்டனே வேண்டாம், விளம்பரத்தைத் தானே தாண்டிவிடும். ஸ்டுடியோக்கள் கூட்டமாக வழக்குப் போட்டன. தீர்ப்பு வருமுன்பே, 2003-இல், அதைத் தயாரித்த சோனிக்ப்ளூ திவாலானது. ரீப்ளே டிவியை அதனிடமிருந்து வாங்கிய நிறுவனத்தார் அந்த வசதியைப் புது மாடலில் இருந்து எடுத்துவிட்டார்கள். 2012-இல் அமெரிக்க டிடிஎச் நிறுவனமான டிஷ் நெட்வொர்க் 'ஆட்டோஹாப்' என்று அதையே வேறு பெயரில் கொண்டுவந்தது. ஃபாக்ஸ் சேனல் நிறுவனம் உடனே தடை கேட்டது, 2013-இல் மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை. காரணம் அழகானது: ஃபாக்ஸுக்கு நிகழ்ச்சிகள்தான் சொந்தம், விளம்பரங்கள் சொந்தமில்லை, அவற்றைத் தாண்டினால் ஃபாக்ஸின் பதிப்புரிமைக்கு என்ன ஆகிறது? ஆனால் மறு வருடமே டிஸ்னியோடு டிஷ் சமரசம் செய்துகொண்டது. டிஸ்னியின் சேனலான ஏபிசி நிகழ்ச்சிகளுக்கு ஒளிபரப்பாகி மூன்று நாள் வரை ஆட்டோஹாப் வேலை செய்யாது. அங்கே விளம்பரக் காசுக்கு மூன்று நாள் வரையான பார்வையைக் கணக்கில் எடுப்பார்கள், அதனால் மூன்று. 2016-இல் ஃபாக்ஸுடன் அது ஏழு நாளானது. வழக்கில் கிடைத்ததைப் பேரத்தில் கொடுத்துவிட்டார்கள்.

இத்தனை வருடமும் ஓட்ட முடிந்ததற்கு ஒரே காரணம்தான் என்று இப்போது தோன்றுகிறது. பதிவு நம் வீட்டில் இருந்தது. அப்பாவின் கேசட் அப்பாவுடையது. இன்றைக்கும் டெக் கிடைத்தால் ஓடும். அம்மாவின் பென்டிரைவ் அப்படி இல்லை என்பது இரண்டு வருடம் முன்பு பழைய பாக்ஸ் பழுதானபோதுதான் தெரிந்தது. புது பாக்ஸில் செருகினால் ஒரு எபிசோடுகூடத் திறக்கவில்லை. அந்தப் பதிவுகள் பழைய பெட்டியோடு பூட்டப்பட்டவையாம். கம்ப்யூட்டரிலும் திறக்காது. எண்பது எபிசோடு போச்சு. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மிகவும் மரியாதையாக "ஃபார்மட் செய்துகொள்ளுங்கள் சார்" என்றார்.

இப்போது ஆப் காலம். பதிவு முழுக்க அவர்களிடம். பணம் கட்டியவர்களுக்கும் இந்தியாவில் 2025 ஜூனில் அமேசான் பிரைம் வீடியோ விளம்பரம் போட ஆரம்பித்தது, வேண்டாம் என்றால் மேலே தனிக் கட்டணம். விளம்பரம் ஓடும்போது முன்னால் தள்ளும் பட்டன் மறைந்துவிடும். நீதிமன்றத்தில் ஜெயிக்க முடியாததை ஒரு பட்டனை எடுத்துவிட்டுச் சாதித்துவிட்டார்கள். இதற்கு எதிராக வழக்குப் போட என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு அதே சீரியலை ஆப்பில் போட்டுக் காட்டினேன். விளம்பரம் வந்ததும் பழக்கத்தில் நான்கு அமுக்கு. ஒன்றும் நகரவில்லை. ரிமோட்டைத் தட்டிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து அரிசி ஊறப்போடப் போய்விட்டார்.

ஆப் இருக்கிறதே, டிடிஎச் ரீசார்ஜை நிறுத்திவிடலாமா என்று போன வாரம் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.